பின்னாலே ஒண்ணு கூடுதல்

என் மைத்துனனுடைய காருக்குப் பின்சக்கரம் எந்த அளவில் போடுவது என்ற ஒரே கேள்வியில் எங்கள் வீடு ஒரு மழைக்காலம் முழுவதும் சிக்கிக் கிடந்தது. பாறசாலையைச் சுற்றியிருந்த ஊர்கள் தமிழ்ப் பக்கம் சேர்வதா, மலையாளப் பக்கம் நிற்பதா என்று கொடி பிடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போனாலும் “நீரு எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அஞ்சா, ஆறா என்றே தெரியாமல் அலைந்துகொண்டிருந்தேன்.

விளையாட்டுக் கேள்வி அல்ல அது. என் மனைவிக்கு மூன்றாவது பிரசவம் நெருங்கியிருந்தது. முதல் இரண்டிலும் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது முறை வலி கண்டதும் ரோடுகள் கூடும் முக்கில் போய் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தபோது அவசரம் தீர்ந்து போயிருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதில்லை. அந்த முக்கைக் கடக்கும்போது மட்டும் அவள் தலைச்சேலையை இழுத்துவிட்டுக்கொள்வாள். இந்த முறை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: வலி கண்டால் யோசிக்கக் கூடாது, உடனே கொண்டுவர வேண்டும். முன்னதாகவே போய்ப் படுத்துக்கொள் என்று நான் கெஞ்சினேன். “மற்றவளுக்க பிள்ளைகள் அழுகதைக் கேட்டுட்டு மாசக் கணக்குல என்னால கிடக்க முடியாது” என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸை நம்ப முடியாது. ஒரு நாள் ஒரு கட்சி கடையடைப்பு, மறுநாள் எதிர்க்கட்சி கடையடைப்பு. தமிழ்ப் போர்டு போட்ட பஸ்ஸில் ஒரு ஊரில் தார் பூசினார்கள். மலையாளப் போர்டு போட்ட பஸ்ஸுக்கு அடுத்த ஊரில் தார் காத்திருந்தது. நானோ சோடாக் கம்பெனி முதலாளி. கம்பெனி என்றால் ஒரு கைமிஷின், ஒரு காஸ் சிலிண்டர், நான். ஊர்வலத்தில் எறிவதற்கு இரண்டு கட்சிக்காரர்களுக்கும் என் கோலிசோடாக் குப்பிகள்தான் பிடித்திருந்தன. பாஷை வித்தியாசம் பார்க்காமல் உடைந்த ஒரே பொருள் அதுதான். அதனால் போலீஸுக்கும் என் மேல் ஒரு கண் உண்டு. தினமும் காலையில் குப்பி வெடிக்கும் சத்தத்தில் தொழில் செய்கிறவன் தைரியசாலியாக இருப்பான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வெடிச் சத்தம் எனக்குப் பயமே இல்லை. வெடிக்காமல் இருக்கும் குப்பிதான் பயம்.

மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, வெள்ளறடைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே இருந்த வெள்ளைக்காரச் சாயிப்பு கப்பலேறிப் போனபோது விட்டுப்போன பழைய காரை, பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக இவன் வாங்கிக்கொண்டான். இரண்டே பேர் உட்காரும் திறந்த வண்டி. மூக்கு நீண்டு கிடக்கும். இருக்கை தரையோடு ஒட்டியிருக்கும். உட்கார்ந்தால் கையை நீட்டி ரோட்டைத் தடவலாம். சைக்கிளுக்கு உள்ளது போலக் கம்பிகள் வைத்த சக்கரம். நாலு பேர் தள்ளி அதை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“எலே, இது காரா, வள்ளமா?”

“அக்கா, இது ரேசுக்கு ஓடுத சாதியாக்கும். சாயிப்பு இதுல இருந்தா மலை இறங்குதது கண்ணுல படாது.”

“இறங்கினாரா, விழுந்தாரா?” என்றேன் நான்.

“அத்தானுக்கு எப்பவும் கேலி. அக்காளை இதுலதான் ஆசுபத்திரிக்குக் கொண்டு போவேன். எந்தக் கட்சிக்காரனும் கல்லெறிய மாட்டான். இந்த மாதிரி வண்டி எந்தக் கட்சியிலயும் கிடையாது.”

அந்த வாதம் எனக்குப் பிடித்துவிட்டது. பிறகுதான் இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறிய பள்ளத்தைப் பார்த்தேன். தோல் உறை முழுவதும் கீறல். கோடு கோடாக, ஆழமாக, ஒரே திசையில்.

“அது சாயிப்புக்க பட்டி இருந்த இடமாக்கும்,” என்றான். எங்கள் பக்கத்தில் நாயைப் பட்டி என்போம். “வண்டி ஓடும்போ சாயிப்புக்க தோளுல தலைய வச்சுட்டு நிக்கும். அவரு போன பொறவு பட்டி இறங்க மாட்டேன்னு, ரப்பர் ஷீட்டு உணத்துத புகைப்புரையில இதுக்குள்ளயே கிடந்துது. கஞ்சி வச்சாலும் குடிக்கல்ல. அப்படியே செத்துது.”

“இதை ஏன்டே எங்கிட்ட சொல்லுதா?”

“வண்டிக்க சரித்திரம் அறியண்டாமா?”

எனக்கு வேண்டாம். எங்கள் சபையில் பேய்க்கு இடமில்லை. மூன்று தலைமுறையாக மிஷன் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனால் பயம் சபை பார்த்து வருவதில்லை. அன்றிலிருந்து அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு சாக்கை விரித்துப் போட்டேன். சாக்கைப் போட்டபின் அடியில் ஏதோ படுத்திருப்பது போலத் தோன்றியது. எடுத்துவிட்டேன். எடுத்தபின் அது எழுந்து போய்விட்டது போலத் தோன்றியது. இப்படி நானே எனக்கு வேலை வைத்துக்கொள்வேன்.

வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது, பின்சக்கரம் தவிர. முன்சக்கரம் இரண்டும் நல்லவை. பின்னால் வளையம் துருவேறி உதிர்ந்தது, டயர் தொட்டால் பொடிந்தது. அதே அளவில் பத்தொன்பது இஞ்சு வளையமும் ஒல்லி டயரும் தேடித் திருவனந்தபுரம் முதல் நாகர்கோவில் வரை மைத்துனன் லாரியோடு விசாரித்தான். கிடைக்கவில்லை. கடைசியில் காட்டாக்கடைச் சந்தைக்குப் பின்னால் பழைய இரும்பு விற்கும் ஒருவரிடம் பதினாறு இஞ்சு வளையம் இரண்டு அகப்பட்டது. பழைய சக்கரத்தின் நடுக்குடத்தை வைத்துக்கொண்டு, கம்பிகளை வெட்டிச் சிறிதாக்கி, புது வளையத்தில் கோத்துவிட்டால் சக்கரம் தயார்.

டயர்தான் மிச்சம். பதினாறு இஞ்சு வளையத்துக்கு இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்று, ஜீப்பில் போடுகிற ஆறு இஞ்சுத் தடிமன். இன்னொன்று, அஞ்சு இஞ்சு ஒல்லி. ஆறு போட்டால் சக்கரத்தின் உயரம் பழைய சக்கரத்துக்குச் சமமாக வரும், ஆனால் இடுப்பு பெருத்துவிடும். அஞ்சு போட்டால் இடுப்பு சரி, உயரம் குறையும். வண்டியின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்ததுபோல் ஆகி, அடிவயிற்றில் உள்ள புகைக்குழாய் எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் நடுமேட்டில் உரசும். எங்கள் ஒழுங்கை சரல் மண். மாட்டுவண்டிகள் இரண்டு பக்கமும் ஓடி, நடுவில் பசுவின் முதுகெலும்பு போல ஒரு மேடு.

“ஆறு போடுவோம் அத்தான். ரெண்டு உசிரு இருக்கப் போவுது. தடிச்ச டயருதான் தாங்கும்.”

“அஞ்சு போட்டா என்ன?”

“வயிறு தட்டும்.”

வயிறு என்ற சொல் கேட்டதும் நான் ஆறுக்குச் சம்மதித்துவிட்டேன். அவன் வண்டியின் வயிற்றைச் சொன்னான். நான் கேட்டது வேறு வயிறு.

முக்கில் இருந்த டயர்க்கடைக்காரர்தான் மாட்டித் தந்தார். பெரிய உடம்பு, எந்நேரமும் வாயில் வெற்றிலை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். இரண்டு விரல் போதுமா என்று கேட்டேன். மேலே பார்த்தார். அது தேவனைக் குறித்ததா, மழையைக் குறித்ததா என்று விளங்கவில்லை.

மைத்துனன் லாரியோடு போயிருக்கும் நாளில் வலி கண்டால் நானே ஓட்ட வேண்டும் அல்லவா. அதனால் எனக்கும் ஓட்டக் கற்றுத்தந்தான். கற்றுக்கொண்டேன் என்றால், நிறுத்தக் கற்றுக்கொண்டேன். கிளம்புவது அதுவாகவே நடந்தது. பிறகு ஒரு நாள் அவன் இல்லாதபோது, நான் தனியே ஓட்டிப் பழக வேண்டும் என்று முடிவாயிற்று. பக்கத்து இருக்கையில் என் மனைவியின் எடைக்குச் சமமாக ஒரு மணல்சாக்கு. மணல் சிந்தாமல் இருக்க அவளே தன்னுடைய பழைய பச்சைச் சேலையைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தாள்.

“நல்ல பொருத்தம். பதில் பேசாது,” என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்று கடையடைப்பு. உச்சிவேளை. வெள்ளறடை ரோட்டில் திருப்பினேன். இருபுறமும் ரப்பர் மரங்கள். பால் எடுக்கும் வெட்டுக்காரர்களும் வேலைக்கு வரவில்லை. பால் வடியாத சிரட்டைகள் மரத்துக்கு ஒன்றாகக் கவிழ்ந்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் பேர் நிற்பது போல. வெயில் மேலேயே தங்கிவிட்டது, கீழே பச்சை இருட்டு. பஸ் ஹாரன் இல்லை, கோயில் மணி இல்லை, ஒரு காக்கா இல்லை. சாதாரணமாக அந்த ரோட்டில் யாரையாவது பார்க்காமல் பத்தடி போக முடியாது. அன்று ஊரையே யாரோ எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

முதல் வளைவில் கேட்டது.

ஹா, ஹா, ஹா.

எனக்குப் பின்னால், இடது தோளுக்குக் கீழே. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைப்பது மாதிரி. வேகம் கூட்டினேன். இரைப்பும் வேகமானது. குறைத்தேன், குறைந்தது. நிறுத்தினேன். நின்றது. திரும்பிப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். கண்ணாடியில் பார்த்தேன். பள்ளம் காலி. கீறல்கள் மட்டும். லேசாக ஏதோ கருகின மணம்.

வேதத்திலிருந்து சங்கீதம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் நேரங்கள்தான் வரிசையாக வந்தன.

பிறகு எனக்கு ஒரு புத்தி தோன்றியது. மணல்சாக்கைத் தூக்கி ரோட்டோரம் ஒரு கல்லில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, தனியாகக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். அதே வளைவு. சத்தமே இல்லை. திரும்பி வந்து சாக்கை ஏற்றினேன். ஹா, ஹா, ஹா.

இன்னொரு முறை செய்து பார்க்கவில்லை. ஆராய்ச்சிக்கு அவ்வளவு போதும். நான் தனியாகப் போனால் அது வருவதில்லை. என் மனைவியின் சேலை கட்டிய ஒன்று பக்கத்தில் இருந்தால் பின்னால் வந்து ஏறிக்கொள்கிறது. அதற்கு வேண்டியது நானல்ல. கேலி எல்லாம் இப்போது எழுதும்போது வருவது. அன்று அந்தப் பச்சை இருட்டில், அவளையும் அவளுக்குள் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போக ஏதோ ஒன்று எங்களுக்கு முன்பே வண்டியில் இடம் பிடித்திருக்கிறது என்றுதான் பட்டது.

சாக்கை மறுபடி இறக்கி அந்தக் கல்லிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“சாக்கு எங்க?” என்றாள்.

“இறங்கிப் போச்சு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மறுநாள் காலையில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. வெள்ளறடை ரோட்டில், ரப்பருக்குள்ளே, பச்சைச் சேலை கட்டின ஒருத்தி தலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாளாம். பார்த்தவர்களுக்குக் காய்ச்சலாம். கலவரத்தில் செத்தவள் என்றார் ஒருவர். எந்தப் பக்கத்தவள் என்று இன்னொருவர் கேட்டார். சோடா வாங்க வந்தவர்கள் சொல்லச் சொல்ல எனக்கும் குளிர் பிடித்தது. அவளேதான் நேற்று வண்டியில் ஏறியிருக்கிறாள் என்று நினைத்து மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என்னுடைய மணல்சாக்குதான் என்பது மனசில் பட மத்தியானம் ஆயிற்று. பட்ட பிறகும் போய் எடுத்துவரத் துணிவு வரவில்லை.

சாயங்காலம் கடைகள் பாதிக் கதவு திறந்ததும் டயர்க்கடைக்காரரிடம் போனேன். இரைப்பைப் பற்றி நேரடியாகச் சொல்ல வெட்கம். வண்டியில் ஒரு சத்தம் வருகிறது, மூச்சு விடுவது மாதிரி, என்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து, உள்ளே கையை விட்டு, எடுத்து, விரலை முகர்ந்து பார்த்தார். வாய் நிறைய வெற்றிலை. தலையை அண்ணாந்து, சாறு சிந்தாமல் இவ்வளவுதான் சொன்னார்:

“பின்னாலே ஒண்ணு கூடுதலாக்கும். அது போனாத்தான் செரியாவும்.”

வண்டியைவிட்டு ஓரடி பின்வாங்கினேன். “உமக்கும் தெரியுதா?”

“தெரியாம பின்னே? கையில படுதே.”

“என்ன செய்யணும்?”

அவர் துப்புவதற்கு எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் போலீஸ் வண்டி வந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் பாதிக் கதவையும் சாத்தினார்கள். அவரும் சாத்தினார். சாத்திய கதவோடு எனக்கு என்ன பேச்சு.

அடுத்த நாள் மைத்துனன் வந்தான். அவனை மாமரத்தடிக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னேன்.

“பின்னாலே ஒண்ணு கூடுதல் உண்டு, மக்கா.”

“டயர்க்கடைக்காரரு எங்கிட்டயும் சொன்னாரு அத்தான். நமக்குக் கணக்குப் பிழைச்சுப் போச்சு.”

“அது போவுமா?”

“போவாம பின்ன? ஜாக்கி வச்சுத் தூக்கி, சுத்தியலால நாலு அடி அடிச்சா தானே களண்டு வரும்.”

“அடிச்சா கோவப்படாதா?”

“ஆரு?”

“அதுதான்.”

அவன் என் தோளில் மெதுவாகத் தட்டினான். பிரசவம் நெருங்கும் வீட்டில் ஆண்களுக்குச் சற்று மூளை கலங்கும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். “நீங்க பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல. கடை திறந்ததும் அதை எடுத்துப் போட்டுட்டு, ஒல்லியா வேற ஒண்ணு ஏத்தலாம்,” என்றான்.

இந்த இடத்தில் எவனுக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. தடியான ஒன்றை அடித்து விரட்டிவிட்டு ஒல்லியான இன்னொன்றை ஏற்றி வைப்பது எந்த ஊர் வழக்கம் என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன். மலைப்பக்கம் இப்படி ஒரு முறை இருக்கலாம் என்றுகூடச் சமாதானம் செய்துகொண்டேன்.

கடை திறக்கவில்லை. இரண்டு பக்கத்துக் கட்சியும் ஒரே நேரத்தில் கடையடைப்பு அறிவித்திருந்தன. ஒன்றுக்கொன்று எதிராகத்தான், ஆனால் கடை அடைத்துக் கிடப்பதில் ஒற்றுமை. எஸ்டேட் லாரியும் ஓடாததால் மைத்துனன் எங்கள் வீட்டிலேயே தங்கினான். அந்தக் கடையடைப்பின் நடுவே ஒரு முற்பகலில் என் மனைவி ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தம்பிய விளிங்க,” என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்தில் இரண்டாவது முறை முக்கில் நின்றபோது பார்த்த அதே நிறம்.

“பஸ் வந்தாலும் வரும்,” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

“பஸ்ஸா?” அவள் என்னைப் பார்த்தாள். “வண்டி முத்தத்துல நிக்குது.”

அந்த வண்டியில் உனக்காக ஒன்று காத்திருக்கிறது என்று எப்படிச் சொல்ல. நானும் கூட வருவேன் என்றேன். இரண்டே இருக்கை. மைத்துனன் ஓட்ட வேண்டும், அவள் உட்கார வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பள்ளம்தான்.

“அத்தான், நீங்க பின்னால ஏறினா…” என்று மைத்துனன் தொடங்கினான்.

“நான் ஏறுவேன். அது இருந்தா இருக்கட்டும், நானும் இருக்கேன்,” என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல் அதுதான். கீறல் விழுந்த தோலில் முழங்காலை மடக்கி, இருக்கையின் முதுகைப் பிடித்து, அவள் தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு விதமாக அங்கே உட்கார முடியாது. அது எப்படி நின்றிருக்கும் என்று அப்போது தெரிந்தது.

ஒழுங்கை தாண்டுவதற்குள்ளேயே தொடங்கியது. வளைவுக்குக்கூட அது காத்திருக்கவில்லை. ஹாஹாஹாஹா என்று எனக்கு அடியிலேயே, என் எலும்புக்குள்ளேயே. நெடுஞ்சாலையில் ஏறியதும் சத்தம் ஒரு நீண்ட உறுமலாக மாறியது. முழங்காலுக்குக் கீழே சூடு. கருகல் மணம். முக்கு, சாத்திய கடைகள், சுவரில் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக ஒன்றின் மேல் ஒன்று எழுதிய கோஷங்கள். ஒரு ஆள் இல்லை. உதியன்குளங்கரை தாண்டினோம். சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள், அது தெரிந்தது. நாங்கள் கடக்கும்போது ஒவ்வொரு ஜன்னலும் சற்றே கறுத்துப் பிறகு வெளுத்தது.

“ஏன் இரைக்குது?” என்றாள் என் மனைவி, திரும்பாமலே.

“ஒண்ணுமில்ல. எஞ்சின்.”

“எஞ்சின் முன்னாலல்லவா இருக்கு.”

நான் உரக்க ஜெபிக்கத் தொடங்கினேன். ஜெபமும் இல்லை, பேரமும் கெஞ்சலும்தான். அவளை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள் என்று அந்தத் தோலில் விரலை ஊன்றிச் சொன்னேன். வெள்ளைக்காரன் வளர்த்த பிராணிக்குத் தமிழ் புரியுமோ என்று சந்தேகம் வந்து, மலையாளத்திலும் ஒருமுறை சொன்னேன். அப்போது இடது மட்கார்டுக்கு மேலே நீலமாகப் புகை வந்தது.

அமரவிளைப் பாலத்துக்கு முன்னால் மைத்துனன் பட்டென்று நிறுத்தினான். “அத்தான், இறங்குங்க.”

“ஏன்?”

“டயரு உரசி எரியுது. இன்னும் கொஞ்சம் போனா வெடிச்சிரும். அப்பமே சொல்ல வந்தேன். பின்னால ஒண்ணு கூடுதலாக்கும். அஞ்சு போட வேண்டிய இடத்துல ஆறு போட்டோம். ரெண்டு பேரு இருந்தா வளைவுலதான் உரசும். மூணு பேரு ஏறினா, உரசாம போக்கே இல்ல.”

“அஞ்சுக்குப் பதில் ஆறு,” என்றேன்.

“ஓ. ஒண்ணு கூடுதல்.”

“டயரா?”

“பின்ன என்ன?”

என் மனைவி இரண்டு வலிகளுக்கு நடுவில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் எதை நினைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்தேன் என்பது அவளுக்கு அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். திட்டவில்லை. தன் தோளில் விழுந்திருந்த என் கையை விலக்கி, ஒரு முறை அழுத்திவிட்டு, “நடந்து வாங்க,” என்றாள்.

இறங்கினேன். வண்டியின் பின்பக்கம் இரண்டு விரல் உயர்ந்தது. சத்தம் இல்லாமல் பாலத்தின் மேல் ஏறி, மறுகரை மரங்களுக்குள் போய் மறைந்தது.

நெய்யாறு மழைத்தண்ணீரில் சிவந்து பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பாலம் முழுக்க நான் ஒருவன். இத்தனைக்கும் இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டயர், உரசல், எடை, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். போகவில்லை. நாய்க்குப் பயந்துகொண்டிருந்தவரை, அதற்குக் கீழே இருந்த பயத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாலத்தின் நடுவில் அது எனக்கு நேரே வந்தது. முக்கில் நின்ற நாள் மாதிரியே, நான் ஒரு ரோட்டில் நிற்கிறேன், என் கையில் ஒன்றுமில்லை.

மறுகரையில் போலீஸ்காரர் இருவர் மரத்தடியில் நின்றார்கள். “ஆரா?” என்று ஒருவர் கேட்டார். அந்தக் காலத்தில் ஒற்றைச் சொல்லுக்குப் பதில் சொல்வதற்குள் மூன்று தடவை யோசிக்க வேண்டும். எந்தப் பாஷையில் வாயைத் திறந்தாலும் அது ஒரு கட்சி. நான் இருமினேன். இருமலுக்குப் பாஷை கிடையாது.

“ஒரு வண்டி போச்சே, அதுல எனக்க பொண்டாட்டி. பிரசவம்,” என்றேன், எந்தப் பாஷையில் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. இருவரில் மூத்தவர் என் முழங்காலைப் பார்த்தார். வேட்டி முழுக்கக் கறுத்திருந்தது. “ஓடிக்கோ,” என்றார்.

ஓடினேன். நாற்பதைத் தாண்டிய சோடாக்காரன் ஓடினால் எப்படி இருக்கும் என்று சாத்திய ஜன்னல்களைக் கேட்டால் சொல்லும். ஆஸ்பத்திரி வராந்தாவில் மைத்துனன் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் செருப்பைப் பார்த்தேன். முகத்தில் செய்தி இருக்கும், செருப்பில் இருக்காது.

“அத்தான், நிமிருங்க,” என்றான். “பெண்ணாக்கும். அழுதுச்சு. நல்லா அழுதுச்சு.”

உள்ளே போனபோது அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம். அது மூச்சு விடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். விட்டுக்கொண்டே இருந்தது.

“நீங்க இறங்கின பொறவும் அந்தச் சத்தம் கேட்டுது,” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“உனக்க மூச்சாயிருக்கும்.”

“எனக்க மூச்சு எனக்குத் தெரியாதா? தோளுக்கிட்ட. கேட் வரைக்கும். எனக்குப் பேடியே வரல்ல. கூட ஆள் இருக்கு பாத்தீங்களா, அந்த மாதிரி.”

மைத்துனனிடம் கேட்டேன். பாலத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை என்று சத்தியம் செய்தான். சந்தேகத்துக்கு மட்கார்டுக்குள் விரலைவிட்டுக் காட்டினான். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. இரண்டு பேரையும் நான் நம்பினேன். பாஷைப் பிரச்சினையில் பழகியவனுக்கு அது கஷ்டமில்லை.

கடைகள் திறந்ததும் ஆறைக் கழற்றி அஞ்சு போட்டோம். ஜாக்கி வைத்து, நாலு அடி அடித்து. டயர்க்கடைக்காரர் இந்த முறை வாய் காலியாக இருந்ததால் விளக்கமாகப் பேசினார். சக்கரம் சிறிதானால் அதிகம் சுற்றும், அதனால் மீட்டர் முள் உள்ள வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும் என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மெதுவாகப் போய்க்கொண்டே வேகமாகப் போவது போலப் பயப்படலாம். இறக்கிய டயர் இரண்டையும் எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார். அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் பஸ் ஓடியது. பஸ்ஸில் போகலாம் என்றேன். அவள் வண்டியில்தான் வருவேன் என்றாள். ஆகவே அவர்கள் வண்டியில் ஏறினார்கள். நான் பஸ்ஸில் ஏறிப் பின்வரிசையில், பின்கண்ணாடிக்கு முதுகு காட்டாமல் திரும்பி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

அமரவிளைப் பாலத்தில் கார் எங்களுக்குப் பின்னால் வந்தது. பின்பக்கம் தாழ்ந்து, மூக்கை உயர்த்திக்கொண்டு, குழியில் இறங்கும்போதெல்லாம் புகைக்குழாய் ரோட்டில் தட்டும் சத்தத்தோடு. என் மனைவி பிள்ளையை மார்போடு அணைத்து, காற்றுக்குத் தலைச்சேலையைப் பிடித்திருந்தாள். மைத்துனன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். பிள்ளையையும் சேர்த்து எண்ணினேன். மூன்று. இன்னொரு தடவை எண்ணாமல் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.